டாங்கி வராத ஊர்

கிம்மாஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில்தான் ஞாபகம் வரும். ஜொகூர் பாருவிலிருந்து ஏறி வரும் தண்டவாளம் இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கோலாலம்பூர் போகும், இன்னொன்று கிளந்தான் போகும். உள்ளூர்க்காரர்களுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. மலேசியத் தரைப்படையின் பெண்டேக்கார் டாங்கிகளுக்கு இந்த ஊர்தான் வீடு. கவசப்படையின் 11ஆவது ரெஜிமெண்ட் இங்குள்ள சையத் சிராஜுடின் முகாமில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. அதற்கு நடுவே ஒவ்வொன்றும் 48 டன் எடையுள்ள இரும்பு வண்டிகள்.

கோப்பிக் கடையில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். “இந்தச் சேத்துக்கும் காட்டுக்கும் டாங்கி எதுக்குண்ணே? பாலைவனத்துல ஓட்டுறதைக் கொண்டாந்து செம்பனைக்குள்ள விட்டிருக்கான்” என்று ஒருவர் ஆரம்பிப்பார். பக்கத்து மேசைக்காரர் காசுக் கணக்கைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் பேச்சு குலை விலைக்குப் போய்விடும்.

நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவன். எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும், மழைக்காலத்தில் எந்த மண் ரோட்டில் லோரி புதையும் என்பதெல்லாம் என் பிழைப்பில் கலந்த விஷயங்கள். அதனால் அந்தக் கேள்வியை நான் சும்மா விட்டதில்லை. படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது: “இங்கே டாங்கி ஓடாது” என்ற பேச்சுக்கு இந்த நாட்டில் 80 வயதுக்கு மேல் ஆகிறது. முதலில் அதைச் சொன்னவன் வெள்ளைக்காரன். சொல்லி, அதற்கான விலையையும் கொடுத்தான்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கியபோது மலாயாவில் பிரிட்டிஷ் படையிடம் ஒரு டாங்கிகூட இல்லை. காடும் ரப்பரும் சதுப்பும் நிறைந்த நாட்டில் டாங்கிக்கு வேலை இல்லை என்பது மேலிடத்து முடிவு. டிசம்பர் 11ஆம் தேதி, கெடாவில் ஜித்ராவுக்கு வடக்கே, கொட்டும் மழையில் பஞ்சாப் படைப்பிரிவு ஒன்றின் மேல் ஜப்பானிய டாங்கிகள் ரோட்டோடு வந்து ஏறின. அந்தச் சிப்பாய்களில் பலர் அதுவரை டாங்கியைக் கண்ணால் பார்த்ததில்லை. வரிசை கலைந்து ரப்பர் மரங்களுக்குள் சிதறி ஓடியவர்களில் கேப்டன் மோகன் சிங்கும் ஒருவர். சில நாட்கள் கழித்து அலோர் ஸ்டாரில் சரணடைந்த அவர்தான் முதல் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தார். பிறகு நேதாஜி வந்ததும், நம் தோட்டங்களிலிருந்து பால் வாளியை வைத்துவிட்டுப் போன ஆண்களும், ஜான்சி ராணிப் படைக்குப் போன பெண்களும் எல்லாம் அந்த மழை நாளின் தொடர்ச்சிதான். நம் வீடுகளில் நேதாஜியின் கதை சொல்வார்கள். அதற்கு முந்தின அத்தியாயத்தில் ஒரு டாங்கி இருப்பதை யாரும் சொல்வதில்லை.

இதைவிட மோசமானது சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7, விடிய இன்னும் நேரம் இருந்தது. துரோலாக்குக்கு வடக்கே இருந்து முப்பது ஜப்பானிய டாங்கிகள் போல ஒரே ரோட்டில், ஒன்றன் பின் ஒன்றாக, காலாட்படையையும் பாலம் செப்பனிடும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு இறங்கின. வானம் அவர்களுக்குச் சாதகமாக நிலா வெளிச்சம் கொடுத்தது. ரோட்டை மறித்து வைத்திருந்த இடங்களில் பிரிட்டிஷ் பக்கத்து வீரர்கள் நின்று சண்டை போட்டார்கள்தான். ஆனால் அந்த ரோட்டில் ஒரு சங்கதி இருந்தது. முன்பு வளைந்து வளைந்து போன பாதையை நேராக்கியபோது பழைய வளைவுகளை அப்படியே ரப்பருக்குள் விட்டுவிட்டார்கள். தோட்டத்துக்காரனுக்கு இது புதிதில்லை. எங்கள் பக்கமும் அப்படிப் பழைய ரோடுகள் உண்டு, மாடு மேய்க்கவும் கள்ளத்தனமாக ஒட்டுப்பால் ஏற்றவும் பயன்படும். ஜப்பானியர்கள் அந்தப் பழைய வளைவுகளைக் கண்டுபிடித்து மறிப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து சேர்ந்தார்கள். காலை எட்டரை மணி வாக்கில் சிலிம் ஆற்றுப் பாலம் அவர்கள் கையில். பாலத்தைத் தகர்க்கக் கட்டியிருந்த வயரை ஓர் இளம் ஜப்பானிய அதிகாரி வாளால் வெட்டினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டியும் ஓடிய அந்த டாங்கிகளைக் கடைசியில் ஒரு பீரங்கிக் குழு நேருக்கு நேர் சுட்டு நிறுத்தியபோது, அவை சுமார் 30 கிலோமீட்டர் வந்துவிட்டிருந்தன. 11ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் அன்று காலையோடு சரி. நான்கு நாளில் கோலாலம்பூர் போயிற்று.

அந்த டாங்கிகள் பெரிய இரும்பு மலைகளும் இல்லை. ஜப்பான்காரன் கொண்டு வந்தவற்றில் சிறிய வகையான ஹா-கோ டாங்கி ஏழரை டன்னுக்குள்தான், இன்று செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரியைவிட எடை குறைவு. கவசத்தின் கனம் அதிகபட்சம் 12 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த டாங்கிகளுக்கு முன்னால் அது நின்றிருக்காது. இங்கே அதற்கு எதிரே டாங்கியே இல்லை, அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ரோட்டைப் போட்டது யார்? ரப்பரையும் ஈயத்தையும் துறைமுகத்துக்கு இறக்கத்தான் மலாயாவில் அவ்வளவு நல்ல தார் ரோடுகள் வந்தன. ரோட்டு வேலையில் கல் உடைத்ததும் தார் ஊற்றியதும் பெரும்பாலும் நம் ஆட்கள். டாங்கிக்குக் காடு ஒத்து வராது என்று கணக்குப் போட்டவர்கள், காட்டுக்கு நடுவில் தாங்களே போடச் சொன்ன ரோட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து எங்கள் ஊர். ஜனவரி 14ஆம் தேதி சாயங்காலம், கெமெஞ்சே பக்கத்துப் பாலத்தில் ஆஸ்திரேலியாவின் 2/30ஆவது பட்டாளத்துக் கம்பெனி ஒன்று பதுங்கிக் காத்திருந்தது. சைக்கிளில் அணி அணியாக வந்த ஜப்பானியர்களில் சில நூறு பேரைப் போகவிட்டு, பாலத்தை வெடித்து, மாட்டிக்கொண்டவர்களைச் சுட்டார்கள். இந்தப் பதுங்கித் தாக்கல்தான் பள்ளிப் புத்தகத்தில் வரும். அங்கே நினைவுச் சின்னமும் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது மறுநாள் நடந்தது. கிம்மாசை நோக்கி டாங்கிகள் வந்தன. இந்தத் தடவை ரோட்டோரம் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளை ஒளித்து வைத்திருந்தார்கள். அதே மழை, அதே ரப்பர், அதே தார் ரோடு. பல டாங்கிகள் எரிந்து அங்கேயே நின்றுபோயின. சிலிம் ரிவரில் ஓட்டமாய் ஓடியவை கிம்மாசில் ஓடவில்லை என்றால், மண் மாறியதாலா? காத்திருந்த ஆள் மாறியதால்.

நிற்க, ரப்பர் என்றதும் ஞாபகம் வருகிறது. டாங்கியின் செயினுக்குள் ஓடும் சக்கரங்களுக்கு ரப்பர் பட்டை உண்டு. செயினிலேயே ரப்பர் கட்டை பதிப்பதும் உண்டு. அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கிக்கு ரப்பர்க் கட்டை வைத்த செயின்தான் முதலில் வந்தது. 1942இல் மலாயாவும் டச்சுக்காரனின் கிழக்கிந்தியத் தீவுகளும் விழுந்ததும் நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 விழுக்காடு நின்றுபோனது. ஷெர்மனுக்கு முழு இரும்பில் செயின் செய்யப் போனதற்கு இந்தத் தட்டுப்பாடு ஒரு பெரிய காரணம். எங்கோ இத்தாலியிலும் பிரான்சிலும் கல் ரோட்டில் இரும்புச் செயின் கடகடத்ததற்கும், இங்கே பால் மரங்கள் வெட்டாமல் கிடந்து ஆட்கள் சயாம் மரண ரயில் வேலைக்கு இழுத்துப் போகப்பட்டதற்கும் ஒரே வேர். தோட்டத்து மனிதன் டாங்கியைப் பார்க்காமலே டாங்கிச் சண்டையில் இருந்தான்.

குதிரைப்படை ரெஜிமெண்ட் என்ற ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். இதில் கர்வமும் உண்டு, காரியமும் உண்டு. குதிரைப்படைக்குப் பழைய காலத்தில் மூன்று வேலை: முன்னால் போய்ப் பார்த்து வருவது, சரியான நேரத்தில் மோதி உடைப்பது, ஓடுகிறவனைத் துரத்துவது. முதல் உலகப் போரில் முள்கம்பியும் எந்திரத் துப்பாக்கியும் வந்ததும் குதிரை தீர்ந்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் முதல் டாங்கிகள் களம் இறங்கின. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாட்டிலும் குதிரையை விட்டு எந்திரம் ஏறிய ரெஜிமெண்ட்டுகள் கொடியை, ரெஜிமெண்ட்டின் வரிசை எண்ணை, விருந்தில் உட்காரும் முறையை, சில இடங்களில் பிடிவாதத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டு வந்தன.

1854 அக்டோபர் 25 அன்று கிரிமியாவில் பாலக்லாவா என்ற இடத்தில், தவறாகப் புரிந்துகொண்ட ஒரு கட்டளையால் அறுநூற்றுச் சொச்சம் பிரிட்டிஷ் குதிரை வீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேராகப் பாய்ந்தார்கள். அதில் இருந்த ரெஜிமெண்ட்டுகள் ஐந்து. அவற்றில் 4ஆவது, 11ஆவது, 13ஆவது என மூன்றின் வாரிசுகள், நூறு வருஷம் கழித்து, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை எதிர்த்த அவசரகாலத்தில், மலாயாவில் கவச வண்டி ஓட்டின. பாலக்லாவாவைப் பற்றி விருந்துகளில் பாடிய பரம்பரை, இங்கே தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவே சம்பளப் பெட்டிக்குக் காவல் போனது, உணவு லோரிக்கு முன்னும் பின்னும் ஓடியது.

என் அம்மாவுக்கு அந்த வண்டிகள் நன்றாக ஞாபகம். அவருக்கு அது வீரமும் இல்லை, வரலாறும் இல்லை. காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு முடிந்து பால் வெட்டுக்குப் போகும்போது கேட்டில் நிறுத்திப் பையைச் சோதிப்பார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று மத்தியானச் சாப்பாட்டை வெட்டுக்குக் கொண்டுபோகத் தடை. கேட்டுக்கு வெளியே கவச வண்டி நிற்கும், அதன் மேல் ஒரு வெள்ளைக்காரப் பையன் வெயிலில் சிவந்துபோய் உட்கார்ந்திருப்பான். “அவனுக்கும் பசிதான்டா போல, எங்களையே பாத்துக்கிட்டு இருப்பான்” என்பார் அம்மா. ரெஜிமெண்ட் எண் என்ன, தொப்பிச் சின்னம் என்ன என்று நான் துருவித் துருவிக் கேட்டு அவரைச் சலிக்க வைத்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான், 1952இல், மலாயாவுக்கென்று ஒரு கவச வண்டிப் பிரிவு தொடங்கப்பட்டது. மலாய் ரெஜிமெண்ட்டில் மலாய்க்காரர்கள் மட்டும்தான். இந்தப் புதுப் பிரிவில் எல்லா இனத்தவரும் சேரலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். பிறகு அது வேவுப்படை ஆகி, வளர்ந்து, இன்றைய அரச கவசப்படை ஆனது. தோட்டத்துப் பையன் இராணுவத்துக்குப் போக நினைத்தால் அவனுக்கு இருந்த சில கதவுகளில் இது ஒன்று. என் தாய்மாமா 1970களின் தொடக்கத்தில் அந்தக் கதவு வழியாகப் போனவர்.

மாமா ஓட்டியது ஃபெர்ரட் என்ற சின்னக் கவச வண்டி. இரண்டே பேர், சுமார் நான்கு டன், ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின். அதில் ஒரு விசேஷம்: முன்னால் போக இருக்கும் ஐந்து கியரும் பின்னால் போகவும் உண்டு. வேவுக்காரன் எதிரியைப் பார்த்த மாத்திரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது, வந்த வேகத்திலேயே பின்வாங்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தது. “சண்டை போடுறதுக்கு எங்களை அனுப்பல தம்பி. பாத்துட்டு உயிரோட வந்து சொல்லணும். செத்துட்டா யாரு சொல்றது?” என்பார்.

பேராக்கின் கிரிக்கிலிருந்து கிளந்தானுக்குக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்ட காலம் அது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்தார்கள். ரோடு போடும் எந்திரங்களுக்கும் ஆட்களுக்கும் காவல். மாமா சொல்லும் வேலை நுணுக்கங்களில் துப்பாக்கி குறைவாகத்தான் வரும். கொஞ்ச தூரம் ஓட்டி எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுப்பது. ரோட்டோர லாலான் புல் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, அதில் பனி உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. பாலத்தடியில் மண் நிறம் மாறியிருந்தால் இறங்கி நடப்பது. தினமும் ரோட்டோரம் கறிவேப்பிலை பறிக்கிற கம்பத்துக் கிழவி அன்றைக்கு இல்லையென்றால் ஏன் இல்லை என்று யோசிப்பது. வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. என் காடி ஓடுகிறதா என்று பார்க்க வந்தால்கூட முதலில் டயர் போல்ட்டைத் தடவுவார். தலையில் கறுப்பு பெரே தொப்பி. எண்ணெய்க் கறை தெரியாத நிறம் என்று பிரிட்டிஷ் டாங்கிப் படை 1920களில் எடுத்துக்கொண்டது. இன்று உலகத்தில் பாதி டாங்கிப் படைகள் தலையில் அதுதான், மலேசியப் படையிலும் அதுதான்.

எங்கள் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கங்காணி கூட்டி வந்த ஆள். ஆற்காடு என்றால் எங்கள் தலைமுறைக்கு வறட்சியும் கப்பல் டிக்கெட்டும்தான். ஆனால் இந்தியக் கவசப்படையில் மிகப் பழைய ரெஜிமெண்டான 16ஆவது லைட் கேவல்ரியின் வேர், ஆற்காட்டு நவாபின் குதிரைப் படையில், 1776 வாக்கில் இருக்கிறது. பிறகு கும்பெனிக்காரன் அதை எடுத்துக்கொண்டு மதராஸ் குதிரைப்படை ஆக்கினான். 7ஆவது லைட் கேவல்ரியும் 1784இல் எழுப்பிய மதராஸ் குதிரைப்படையின் வழி வந்ததே.

இந்தப் பாரம்பரியத்தைத் தூக்கி வைத்துப் பேசுமுன் 1806 ஜூலை 10ஐயும் பேச வேண்டும். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையைக் கிளப்பிக்கொண்டு கில்லெஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி பாய்ந்து வந்தார். 19ஆவது லைட் டிராகூன்களோடு மதராஸ் குதிரைப்படையும் வந்தது. சின்னப் பீரங்கி வைத்துக் கோட்டைக் கதவை உடைத்து, எழுச்சியை ஒரே நாளில் முடித்தார்கள், இரத்தத்தில். வேகம் என்ற அதே குணம், நம் ஆட்கள் மேலேயே திரும்பியது. குதிரைப்படைப் புகழ் பாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டிவிடுவார்கள். வேலூரைப் பேசுகிறவர்கள், கதவை உடைத்த கூட்டத்தில் மதராஸ் குதிரைக்காரனும் இருந்தான் என்பதைப் புரட்டிவிடுவார்கள்.

அதே 7ஆவது லைட் கேவல்ரிதான் 1948 நவம்பர் 1 அன்று காஷ்மீரின் சோஜி லா கணவாயில் ஸ்டூவர்ட் டாங்கிகளோடு ஏறியது. 11,500 அடி உயரம், பனி. எதிரே இருந்தவர்கள் அந்த உயரத்தில் டாங்கியைக் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. ஜம்மு பக்கமிருந்து, டாங்கியின் மேலே சுழலும் பீரங்கி மேடையைக் கழற்றி, மூடிப் போர்த்தி, ரகசியமாகக் கொண்டு வந்தார்கள். கோவேறு கழுதை போகும் பாதையை டாங்கி போகும் பாதையாக வெட்டி அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்கள், அதாவது மதராஸ் பொறியாளர் படை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர்கள் அந்தச் சாப்பர்கள்தான். மண்வெட்டிக்காரன் இல்லாமல் அந்த டாங்கி கணவாய் அடிவாரத்துப் பால்தாலிலேயே நின்றிருக்கும்.

மலாயாவோடு தொடர்புள்ள இந்தியக் குதிரைப்படை இன்னொன்று உண்டு. 3ஆவது கேவல்ரி. போருக்குச் சற்று முன்புதான் குதிரையை விட்டது. புது வண்டி கைக்குப் பழகுமுன்னே மலாயாவில் சண்டை, சிங்கப்பூரில் கைதி. ஒரு ரெஜிமெண்டுக்கு அதைவிடக் கெட்ட ஆரம்பம் இருக்க முடியாது. 23 வருஷம் கழித்து, 1965 செப்டம்பரில், பஞ்சாபில் அசல் உத்தர் என்ற ஊரில் அதே ரெஜிமெண்ட் சென்டூரியன் டாங்கிகளோடு பாகிஸ்தானின் புத்தம் புது பேட்டன் டாங்கிகளுக்காகக் காத்திருந்தது. வாய்க்காலை உடைத்து வயலை முன்கூட்டியே ஊற வைத்திருந்தார்கள். கரும்புக்குள்ளும் சேற்றுக்குள்ளும் வந்து மாட்டிக்கொண்ட பேட்டன்களைப் பக்கவாட்டில் சுட்டார்கள். ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு அப்துல் ஹமீது நின்று உயிர் கொடுத்ததும் இந்தச் சண்டையில்தான். இந்தியக் கணக்குப்படி 97 பாகிஸ்தான் டாங்கிகள் அங்கே போயின. கோப்பிக் கடை அண்ணனுக்கு இது நல்ல சாட்சி: பாருங்க, சேத்துல டாங்கி மாட்டுது! மாட்டும்தான். ஆனால் அந்தச் சேற்றை ஆள் வைத்துச் செய்தார்கள், சேற்றுக்குப் பக்கத்தில் பீரங்கியோடு ஆள் படுத்திருந்தான். வெறும் சேறு என்றால் இரண்டு நாளில் பலகை போட்டுத் தாண்டியிருப்பான்.

இப்போது எங்கள் ஊர் பெண்டேக்கார். 2003இல் போலந்தோடு ஒப்பந்தம், 2007 முதல் 2009 வரை வந்து இறங்கின, மொத்தம் 48. சோவியத்தின் டி-72 குடும்பத்தில் போலந்து திருத்திச் செய்த பிள்ளை. 125 மில்லிமீட்டர் பீரங்கி, 1000 குதிரைத்திறன் எஞ்சின், உள்ளே மூன்றே பேர். நான்காவது ஆளாகக் குண்டு ஏற்றுகிறவன் இல்லை. பீரங்கி மேடைக்கு அடியில் 22 குண்டுகள் அடுக்கிய வட்டத் தட்டு சுழன்று தானே எடுத்துக் கொடுக்கும். கூடவே பழுதான டாங்கியை இழுக்கும் வண்டிகள், பாலம் போடும் வண்டிகள் என்று ஒரு சின்னக் குடும்பமும் வந்தது. பாலம் போடும் வண்டியை யாரும் படம் எடுப்பதில்லை. கிராணி வேலை பார்த்த எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு நாளில் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். தூரத்தில் பார்க்கும்போது ஒரே கட்டியாகத் தெரிவது, கிட்டப் போனால் சின்னச் சின்னப் பாகங்களாகப் பிரிந்துவிடும். முன்பக்கம் முழுக்கக் கவசச் செங்கல்கள், ஒவ்வொன்றும் வெடிமருந்துப் பெட்டி. வரும் குண்டை எதிர்த்து வெடிக்கும். செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசி, அதற்குப் பூட்டு. இடுக்கில் காய்ந்த செம்மண், அதில் ஒட்டிய ஒரு செம்பனை இலைக் கீற்று. ஓட்டுநர் இறங்கும் துவாரம் என் தோள் அகலத்துக்குச் சரியாக இருந்தது, வயிற்று அகலத்துக்கு இல்லை. பக்கத்தில் நின்ற கோப்ரல் பையன் சிரித்துவிட்டான். ஒரு நாள் ஓட்டினால் எத்தனை நேரம் பராமரிப்பு என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். ரேகையெல்லாம் கறுப்பு.

குதிரைப்படைப் பெருமைக்குப் பேர்போன நாடு போலந்து. 1939 செப்டம்பர் 1 அன்று போலந்துக் குதிரைக்காரர்கள் ஈட்டியோடு ஜெர்மன் டாங்கிகள் மேல் பாய்ந்தார்கள் என்று உலகமெல்லாம் ஒரு கதை ஓடியது. க்ரோயாந்தி என்ற ஊரில் நடந்தது வேறு. அவர்கள் பாய்ந்தது காலாட்படை மேல். அதைக் கலைக்கவும் செய்தார்கள். அதன் பிறகுதான் கவச வண்டிகள் வந்து எந்திரத் துப்பாக்கியால் அடித்தன. செத்துக் கிடந்தவர்களையும் குதிரைகளையும் மறுநாள் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள், கதை பிறந்துவிட்டது. முட்டாள் வீரம் என்று பெயர் வாங்கிய அதே ஊர்க்காரன் செய்த டாங்கி இன்று எங்கள் செம்பனை நிழலில் நிற்கிறது.

2022க்குப் பிறகு கோப்பிக் கடைப் பேச்சில் புது வாதம் சேர்ந்துவிட்டது. எல்லார் கைப்பேசியிலும் உக்ரேன் வீடியோ. சின்ன டிரோன் ஒன்று மெதுவாக இறங்குகிறது, கோடிக்கணக்கான வெள்ளி டாங்கி எரிகிறது. டி-72 குடும்பத்துக்குள்ள பலவீனம் அதில் பளிச்சென்று தெரிகிறது: உள்ளே தீப்பிடித்தால், ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழேயே குண்டுத் தட்டு. மேடை பறந்து தனியே விழும். நமது பெண்டேக்காரும் அந்தக் குடும்பம்தான், அதை மழுப்ப வேண்டியதில்லை. போலந்து தன்னிடமிருந்த இதே வகை டாங்கிகளை உக்ரேனுக்குக் கொடுத்தும் இருக்கிறது. அமெரிக்க மரைன் படை 2020இலேயே தன் டாங்கிகளை மொத்தமாகக் கைவிட முடிவு செய்தது.

ஆனாலும் டாங்கியின் கதை முடிந்தது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. உக்ரேனில் எரிந்தவற்றில் பல, காலாட்படை கூட வராமல், முன்னால் வேவு பார்க்காமல், ஒரே ரோட்டில் வரிசையாக வந்து மாட்டியவை. ஜித்ராவில் பஞ்சாபிகளுக்கு நடந்தது இப்போது டாங்கிக்காரனுக்கு நடக்கிறது: பழகாத ஆயுதம் மேலே வந்து விழுகிறது. இரண்டு பக்கமும் இன்னும் டாங்கி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், மேலே கம்பிக் கூண்டு கட்டிக்கொண்டாவது ஓட்டுகிறார்கள். எந்திரத் துப்பாக்கிக் குண்டு பாயும் வெளியைத் தாண்டிப் போய் நிற்க வேறு வண்டி இன்னும் வரவில்லை. தீர்ந்தது எதுவென்றால், கண் இல்லாத டாங்கி.

நம் நாட்டு விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 48 டாங்கி பெரிய எண்ணிக்கை இல்லை. அதை வைத்துப் பக்கத்து நாட்டைப் பிடிக்கப் போவதில்லை, பிடிக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு கைத்தொழில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்பக் கற்பதற்கு ஆசானே இருக்கமாட்டான். செயின் கழன்றால் சேற்றில் வைத்து மாட்டத் தெரிந்தவன், நல்ல ரோட்டைப் பார்த்ததும் சந்தேகப்படத் தெரிந்தவன், எந்தப் பாலத்தில் ஏற்றலாம் எதில் ஏற்றக் கூடாது என்று இரவில் டார்ச் அடித்துச் சொல்லத் தெரிந்தவன். இவர்களைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் செய்ய முடியாது, வண்டி வேண்டும். பழுது பார்க்க உதிரிப் பாகத்துக்குக் காசு ஒதுக்காமல் அணிவகுப்புக்கு மட்டும் டாங்கி வைத்திருப்பதானால், கோப்பிக் கடை அண்ணன் சொல்வதுதான் சரி.

அதைவிட முக்கியம் சக்கர வண்டிகளும் வேவு வேலையும். மலேசியக் கவச வண்டிக்காரர்கள் உலகம் பார்க்கச் செய்த காரியம் டாங்கியில் நடக்கவில்லை. 1993 அக்டோபர் 3 இரவு சோமாலியாவின் மொகடிஷுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்கப் போனவை மலேசியாவின் கொண்டோர் கவச வண்டிகள், கூடப் பாகிஸ்தான் டாங்கிகள். குறுகிய தெரு, இருட்டு, இரண்டு பக்கமும் சூடு. மாட் அஸ்னான் அவாங் என்ற மலேசிய வீரர் அங்கே உயிர் விட்டார். இப்போது பெக்கானில் செய்த எட்டுச் சக்கர கெம்பித்தா வண்டிகள் அந்த வேலைக்கு வந்திருக்கின்றன. வேவுக்காரன் கையில் டிரோனும் வந்துவிட்டது.

மாமாவிடம் டிரோன் வீடியோ ஒன்றைக் காட்டினேன். செம்பனைத் தோட்டத்துக்கு மேலே எடுத்தது, மருந்து தெளிக்கிற கம்பெனிக்காரன் போட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

“மட்டைக்கு மேல எல்லாம் தெரியுது. மட்டைக்குக் கீழ என்ன இருக்கு?”

“அதுக்குச் சூடு பாக்குற கேமரா இருக்கு மாமா.”

“அப்ப அதையும் வச்சுக்கச் சொல்லு. எஞ்சினை அணைச்சுட்டுக் காதையும் வச்சுக்கச் சொல்லு.”

இந்தப் படைப்பிரிவில் இருந்த தோட்டத்து ஆட்களைப் பற்றித் தமிழில் எழுதியது மிகக் குறைவு. மாமாவின் படத்துக்குப் பின்னால்கூட ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் நினைவோடு இருக்கும்போதே ஊர், ஆண்டு, வண்டி, பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டு பென்சிலால் எழுதிவிட்டேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் கறுப்பு பெரே போட்ட படம் ஏதாவது இருந்தால் அதைச் செய்துவிடுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். போர்ட்டிக்சன் தரைப்படை அருங்காட்சியகத்தில் பழைய கவச வண்டிகள் வெளியே வெயிலில் நிற்கின்றன. கடலுக்குக் குளிக்கப் போகிறவர்கள் வழியில் இறங்கலாம், பிள்ளைகள் ஏறி விளையாடினால் வெயிலில் இரும்பு சுடும், காலையிலேயே போய்விடுங்கள்.